நானூறு வாட் உபயம்

கோயிலுக்கு ஒரு குழல்விளக்கை அன்பளிப்புச் செய்கிறவன், விளக்கின் மேலேயே தன் பெயரையும் தகப்பன் பெயரையும் தான் குடியிருக்கும் லயவரிசையின் இலக்கத்தையும் சிவப்பு மையால் எழுதிவைப்பான். எழுத்துக்குப் போக மிஞ்சிய இடத்தால் வெளிச்சம் வந்தால் அது அம்மன் செய்த பாக்கியம். டிக்கோயாவுக்கு மேலே உள்ள கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் இந்த வழக்கம் மூன்று தலைமுறையாக வேரோடியிருந்தது. ஆகவே, 2004ஆம் ஆண்டில் வாசிகசாலைக்குக் கணினி ஒன்று வேண்டும் என்று பேச்செழுந்தபோது, அதையும் உறுப்பு உறுப்பாக உபயம் பிடித்தே சேர்ப்பது என்று குழு தீர்மானித்ததில் எவருக்கும் வியப்பில்லை.

வியப்பெல்லாம், உறுப்புகளைத் தெரிவுசெய்து ஒன்றாக இணைத்துப் பூட்டும் பொறுப்பைச் சுதர்ஷினியிடம் கொடுத்ததில்தான். அவள் கொழுந்து பறிக்கும் ராசம்மாவின் மகள். ஹட்டனில் ஆறு மாதம் கணினி பூட்டும் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள். அப்படியொரு சான்றிதழ் தோட்டத்தில் வேறெவரிடமும் இல்லாததால், பெண்பிள்ளை என்ற குறையைப் பெரியோர் பெரிய மனத்தோடு மன்னித்தனர். திறப்புவிழாவன்று கணினி ஒழுங்காக ஓடினால் வாசிகசாலைச் சாவியும் மாதச் சம்பளமும் அவளுக்கு. ஓடாவிட்டால் மறுநாள் திங்கட்கிழமை, அத்தை லெட்சுமியோடு கொழும்புக்குப் பஸ் ஏறித் தையல் ஆலையில் சட்டைக்குக் கொலர் வைக்க வேண்டும். அத்தை அங்கே பேசிவைத்தாயிற்று. வீட்டில் பையும் கட்டிவைத்தாயிற்று.

சுதர்ஷினி மூன்று இரவு யோசித்துப் பட்டியல் எழுதினாள். படம் பார்க்க வேண்டும்; இளைஞர்கள் கார் ஓட்டவும் கிரிக்கெட் ஆடவும் வேண்டும்; செலவோ கைக்கடக்கமாக இருக்க வேண்டும். ஆகையால் மொனிட்டர் பதினைந்து அங்குலம் போதும், ஸ்பீக்கர் எதுவானாலும் சரி, அதில் மிச்சம் பிடித்து படம் காட்ட நல்ல வீஜிஏ கார்டும் நினைவகத்துக்குக் கூடுதல் ராமும் மின்சாரம் கொடுக்கத் திடமான பவர் சப்ளையும் வாங்கலாம் என்பது அவளுடைய கணிப்பு. ஆனால் அவள் கணினியைக் கணித்தாளே தவிர, உபயகாரரைக் கணிக்கவில்லை.

மொனிட்டருக்கு நான்கு பேர் போட்டியிட்டனர். ஊர் முழுவதும் உற்றுப் பார்க்கப்போவது அதைத்தான் அல்லவா? பதினைந்து அங்குலத்தில் தாத்தாவின் பெயர் முழுமையாக அடங்காது என்பதால் பதினேழு வந்தது. ஸ்பீக்கர்களைத் தந்தவர்கள் தப்படிக்கும் குடும்பத்தார். அவை அரிசிப் பானை அளவில் வந்திறங்கின. மவுஸை மூன்று வீட்டார் கூட்டாகப் பிடித்தனர். அதன் முதுகில் மூன்று பெயரும் ஏறியபின் கைவைக்க இடமில்லை. ராமைத் தர மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. விரல் நீளப் பச்சைத் தகடு. அதுவும் பெட்டிக்குள்ளே இருட்டில் கிடக்குமாம். யார் கண்டு யார் மெச்சுவது? மூலஸ்தானத்து விக்கிரகமும் இருட்டில்தானே இருக்கிறது என்று சுதர்ஷினி எடுத்துச்சொன்னாள். பக்தியுள்ள இரு குடும்பங்கள் மனமிரங்கி, ஒன்று ராமையும் மற்றது வீஜிஏ கார்டையும் ஏற்றன. பவர் சப்ளையோ விசிறி வைத்த பிஸ்கட் தகரம்போல இருந்ததால், அதற்குப் பக்தியும் பலிக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தவர் தலைவர் மாயாண்டி. தொழிற்சங்கத்துக்குத் தோட்டத் தலைவர், வாசிகசாலைக் குழுவுக்குத் தலைவர், மாரியம்மன் கோயிலுக்கும் தலைவர். தலைமை கிடைக்காத கூட்டத்தில் அவர் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. தாமே கொழும்பில் பம்பலப்பிட்டிக்குப் போய், கணினிப் பெட்டியாகக் கறுப்புக் கேசிங் ஒன்றை வாங்கிவந்தார். முன்பக்கத்தில் சிவந்த கண்களோடு ஒரு யாளி. பக்கவாட்டில் நீல விளக்கு. அதன்கீழ் தங்க எழுத்தில் அவருடைய பெயர், பட்டங்களுடன். பவர் சப்ளை உள்ளேயே இலவசமாக இருப்பதாகவும், அதன்மேல் நானூறு வாட் என்று அச்சடித்திருப்பதாகவும், இனி அதற்கென்று வேறாகச் செலவழிப்பது வீண் என்றும் அறிவித்தார். அந்தத் தகரத்தின் மேலும் தம் பெயரை எழுதுவித்திருந்தார். கண்ணில் படாத இடத்தையும் அவர் விட்டுவைப்பதில்லை.

சுதர்ஷினி எல்லாவற்றையும் பூட்டி இயக்கினாள். திரை வந்தது, பாட்டு வந்தது, படமும் ஓடியது. இளைஞர்கள் கார்ப் பந்தயத்தைத் தொடங்கியதும், முதல் வளைவில் எல்லாம் அணைந்தது. மறுபடி இயக்கினாள், மறுபடி அதே வளைவு. ராமைக் கழற்றி மாட்டினாள், வீஜிஏ கார்டைத் துடைத்து மாட்டினாள், குற்றம் அவற்றில் இல்லை. தன்னுடைய கேசிங் குற்றம் செய்யாது என்ற நிச்சயத்தில் மாயாண்டி, பிள்ளைக்குப் பூட்டத் தெரியவில்லை என்று தீர்ப்பளித்தார். ஞாயிறன்றும் ஓடாவிட்டால் நுவரெலியாவிலிருந்து ஆள் எடுக்கப்போவதாகவும் சொல்லிப் போனார். அன்று புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை அவள் பவர் சப்ளையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தன் ஆசிரியர் குகநேசனிடம் ஹட்டனுக்குப் போனாள். யாழ்ப்பாணத்தவரான அவர் திருப்புளியைத் தொடவில்லை. தகரத்தைக் கையில் வாங்கி, மாம்பழம் பார்ப்பதுபோல் ஒருமுறை மேலே போட்டுப் பிடித்தார்.

“உதை ஆர் தந்தவை? பாரமே இல்லை, பிள்ளை. உள்ளுக்கை செம்பும் இல்லை, இரும்பும் இல்லை. வெளியிலை ஆரும் என்னவும் அடிக்கலாம்.”

அவர் அலுமாரியிலிருந்து வேறொன்றை எடுத்துத் தந்தார். முன்னூறு வாட் என்றுதான் அதில் போட்டிருந்தது. ஆனால் கை தாழ்ந்தது. திருப்தியானால் காசைப் பிறகு தீர்க்கலாம் என்றார். சுதர்ஷினி வழியில் வெங்காயக் கடையில் இரண்டையும் நிறுத்துப்பார்த்தாள். பாரமானது சரியாக இரண்டு கிலோ, தலைவருடையது முக்கால். கடைக்காரர் எதற்கென்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஹட்டனில் இதைவிட விசித்திரமானவை நிறுக்கப்படுகின்றன.

தலைவரின் உபயத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலைவரிடமே சாவி வாங்க முடியுமா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே கேள்வி. கழற்றினால் அவர் தரமாட்டார். கழற்றாவிட்டால் கணினி தராது. டிக்கோயா தாண்டியபோது அவளுக்கு ஒரு வழி தோன்றியது. வீட்டுக்குப் போகாமல் நேரே மடுவத்துக்கு நடந்தாள்.

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. மாலை நிறுவைக்குப் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை தொங்குதராசின் அருகே, ஒவ்வொருத்தியின் நிறையையும் துண்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாயாண்டி வழக்கம்போல் மேற்பார்வை செய்து நின்றார். சுதர்ஷினி இரண்டு தகரங்களையும் வெளியே எடுத்து, இதையும் கொஞ்சம் நிறுத்துத் தாருங்கள் என்று கேட்டாள். கணக்கப்பிள்ளைக்கு அது வேடிக்கையாகப் பட்டதால் தடுக்கவில்லை.

தலைவருடையதை மாட்டியபோது முள் கால் கிலோவில் சோம்பி நின்றது. மற்றதை மாட்டியபோது ஒன்றரைக்குப் போனது.

மாயாண்டியின் முகம் கறுத்தது. “லேபல்ல நானூறுன்னு போட்டுருக்குல்ல? ஒனக்குப் படிக்கத் தெரியாதா?”

“போட்டுருக்குங்க தலைவரே. துண்டுலயும்தான் பதினெட்டு கிலோன்னு போடுறாங்க. கூடையில இருந்தது பதினெட்டா?”

வரிசை முழுவதும் சிரித்தது. எழுதிய இலக்கமும் இருந்த சரக்கும் வேறு வேறு என்பதை விளங்கிக்கொள்ள அந்தப் பெண்களுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. மூன்று தலைமுறை அனுபவம் இருந்தது. வரிசையின் முன்னால் நின்ற வீரம்மா, விதவை, வாய்க்குப் பூட்டில்லாதவள், பாரமானதை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

“இது கொழுந்துக்காரங்க உபயமா இருக்கட்டும் புள்ள. பேரெல்லாம் வேணாம். எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான், உள்ளுக்குள்ளயே கெடந்து முனகிக்கிட்டுச் சூடாகிட்டு இருந்தாரு. இருந்த வரைக்கும் வீடு ஓடுச்சு.”

சுதர்ஷினி அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். கால் கிலோ, ஒன்றரை. வெங்காயக் கடையிலோ முக்கால், இரண்டு.

“அக்கா, ஹட்டன்ல இதுவே ரெண்டு கிலோ இருந்துச்சு,” என்றாள் மெதுவாக. “தலைவரோடதும் அங்க அரைக்கிலோ கூட. இந்தத் தராசு ரெண்டுலயும் அரைக்கிலோ முழுங்குது.”

சிரிப்பு நின்றது. ஒவ்வொரு கூடையிலும், ஒவ்வொரு நிறுவையிலும், நாளுக்கு மூன்று தடவை என்று வரிசை மனத்துக்குள் பெருக்கத் தொடங்கியது. கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மழைக்குத் தராசின் சுருள் இறுகியிருக்கலாம் என்று ஏதோ சொன்னார். ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாயாண்டியோ பத்து வயது குறைந்தவர்போல் நிமிர்ந்தார். பல மாதங்களாக அவருக்குப் போராட ஒன்றும் அகப்படவில்லை. நியாயமான பிரச்சினை ஒன்று தானாக வந்து தராசில் தொங்கியபோது, கேசிங்கும் யாளியும் எந்த மூலைக்கு? நாளை முதல் நிறுவை இல்லை, தோட்டத்தை நடத்தும் துரை வந்து பதில் சொல்லட்டும் என்று முழங்கிவிட்டு, சாட்சிப் பொருளாகச் சங்கக் காரியாலயத்தில் பூட்டிவைக்கப் பாரமான தகரத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

சுதர்ஷினி குறுக்கே வந்து நின்றாள். போனால் அது அடுத்த மே தினத்துக்குத்தான் திரும்பும்.

“சாட்சிக்கு ஒங்களுதையே வைங்க தலைவரே. ரெண்டையும்தான் ஹட்டன்ல நிறுத்தாச்சு. தொரைக்கு முன்னாடி தூக்கிக் காட்டுறப்ப ஒங்க பேரு தெரியணுமில்ல?”

மாயாண்டி இலேசான தகரத்தைத் திருப்பி, தம் பெயரைப் படித்துப் பார்த்தார். எழுத்து நன்றாகவே விழுந்திருந்தது.

“அதுவும் சரிதான்,” என்றார்.

“ஞாயித்துக்கெழம ஓடுனா சாவி எனக்குத்தானுங்களே?”

“இத்தன பேரு முன்னுக்குக் கேக்குறியே. ஒனக்குத்தான், போ.”

சனிக்கிழமை ஒரு கொழுந்தும் தராசேறவில்லை. மாலையில் துரை புதிய தராசுக்கு ஆளனுப்பினார். ஞாயிறன்று மாயாண்டி நாடா வெட்டி, கணினியும் தராசும் தம்முடைய தூரதிருஷ்டியால் ஒரே வாரத்தில் சீர்பெற்றதை நாற்பது நிமிடம் விளக்கினார். பிறகு பந்தயம் தொடங்கியது. கார் முதல் வளைவைத் தாண்டியது. தொழிற்சாலையில் பெரிய மோட்டார் எழும்பி, வாசிகசாலை விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டின. சுதர்ஷினி பெட்டியின் விசிறிப் பக்கம் காதைச் சாய்த்தாள். கார் இரண்டாம் வளைவையும் தாண்டிப்போய் ஒரு மரத்தில் மோதியது. அது ஓட்டியவன் குற்றம்.

இலேசான தகரம் இப்போது மடுவத்தில், புதிய தராசின் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. காலையில் முதற்கூடைக்கு முன் வீரம்மா அதை எடுத்து மாட்டுவாள். முள் முக்காலைத் தொட்ட பிறகுதான் வரிசை நகரும். ‘உபயம்: தலைவர் மாயாண்டி’ என்ற எழுத்து எல்லாரும் பார்க்கும்படி முன்பக்கமாகவே இருக்கிறது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அத்தை லெட்சுமி, கட்டிய பையோடு வாசிகசாலைக்கு வந்து, நல்ல வேலையைக் கெடுத்துக்கொண்டாயே என்று மருமகளைத் திட்டத் தொடங்கினாள். சுதர்ஷினி ஒரு படத்தைப் போட்டுவிட்டு, உட்கார வாங்குப் பலகையைத் துடைத்துக் காட்டினாள். அரிசிப் பானை ஸ்பீக்கர்கள் அதிர்ந்தன. கொழும்புக்குப் போகும் பத்து மணி பஸ் கீழே வளைவில் இரண்டு தடவை ஹோர்ன் அடித்துவிட்டுப் போயிற்று. அத்தைக்குக் கேட்கவில்லை; கதாநாயகி அப்போதுதான் கிணற்றில் விழுந்திருந்தாள்.