ஒரு கிலோ ஆமாம்

நகராட்சிக்கு நிதி வரும்போதெல்லாம் கூர்நோக்கு இல்லத்தின் வராண்டா நீண்டது. இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. நிதி வந்தால் ஏதாவது ஒன்று நீளத்தான் வேண்டும்.

கூர்நோக்கு இல்லம் என்பது தப்புப் பண்ணின பிள்ளைகளை வைத்திருக்கும் இடம். தப்புப் பண்ணாத பிள்ளைகளையும் வைத்திருப்பார்கள். தன் பேரன் அபினேஷ் இதில் எந்த வகை என்று பலவேசத்துக்குத் தெரியாது. பையனுக்குப் பதினைந்து வயது. நகராட்சிக் குப்பை வண்டியின் பேட்டரியைக் கழற்றி விற்றுவிட்டான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். நான் எடுக்கவில்லை என்றான் பையன். திருடினவனும் அதைத்தான் சொல்வான், திருடாதவனும் அதைத்தான் சொல்வான். அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

முதல் வியாழக்கிழமை பேரனைப் பார்க்கப் போனபோது வராண்டாவைக் கடக்கப் பத்து நிமிஷம் ஆனது. மூன்றாவது வியாழனுக்கு ஒரு மணி நேரம். இது ஒன்பதாவது வியாழன். தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டுதான் புறப்பட வேண்டியிருந்தது.

பிள்ளைகள் நலனுக்கு வரும் நிதியை வராண்டாவுக்கு மட்டும்தான் செலவு செய்ய வேண்டும் என்று எப்போதோ ஒரு கூட்டத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அதை மாற்ற இன்னொரு கூட்டம் போட வேண்டும். அந்தக் கூட்டத்தை வராண்டா முடிந்த பிறகுதான் போட முடியுமாம்.

மகள் தங்கபுஷ்பம் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே வாளியை நீட்டினாள்.

"இன்னைக்காவது ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கப்பா."

"சொன்னா?"

"புள்ள வீட்டுக்கு வருவான்."

"ஆபீஸ்காரன் அவ்வளவு லேசாவா விடுவான்? அதுக்குள்ள என்னமோ வச்சிருக்கான்."

"நாளைக்குக் கூட்டமாம். பெரிய நிதியா வருதாம். அதுக்கப்புறம் வராண்டாவுக்குள்ள பஸ் விட்டாத்தான் போகலாம்னு பேசிக்கிடுதாங்க. உங்க காலுக்கு இன்னைக்குத்தான் கடைசி."

"நீ போயேன்."

"என் பேரா எழுதியிருக்கு? முந்திக்கிட்டுப் போயி உங்க பேரத்தான குடுத்தீங்க."

அது உண்மை. படிவத்தில் பாதுகாவலர் என்ற கட்டத்தில் ஒரு பெயர்தான் கொள்ளும். ஸ்டேஷனுக்கு முதலில் ஓடினவர் பலவேசம். மகள் போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று ஓடினார்.

படிவத்தில் ஒரே ஒரு கேள்வி. பையன் சொல்வதை நம்புகிறீர்களா? ஆமாம் என்றால் கூட்டிக்கொண்டு போகலாம். இல்லை என்றால் அடுத்த வியாழன். வாயால் சொன்னால் மட்டும் போதாது. எடை மெஷினில் ஏறி நின்று சொல்ல வேண்டும். சொல்லும் வார்த்தை ஒரு கிலோவாவது இருக்க வேண்டும். குறைந்தால் செல்லாது.

எட்டு வாரமும் பலவேசம் இல்லை என்றுதான் சொன்னார். ஒவ்வொரு இல்லையும் ஏழு கிலோ நின்றது.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. அதில் முப்பத்தொரு வருஷம் ரேஷன் கடையில் எடை போட்டவர். எடை போட்டவனுக்குத்தான் தெரியும், தராசு எங்கே பொய் சொல்லும் என்று. கோயிலில் திருநீறு கொடுத்தால்கூட உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பூசுவார்.

இல்லத்து வாசலில் மேஜை போட்டு குமுதா உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கிளார்க். டம்ளரில் டீ ஆவி பறந்தது.

"வாங்க பெரியவரே. போன வாரம் நீங்க சொன்ன 'இல்ல' நல்ல கனம். ஆபீஸ்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க."

"எதுக்குப் பேசணும்?"

"பாராட்டித்தான்."

"எனக்கு எதுக்கும்மா பாராட்டு? உனக்கு என்ன வேணும்?"

குமுதா ஒன்றும் வேண்டாம் என்றாள். அதையும் அவர் நம்பவில்லை. வராண்டாவில் இறங்கினார்.

இரண்டு பக்கச் சுவரிலும் கதவுகள். தொழிற்பயிற்சி, மனநல ஆலோசனை, நூலகம், விளையாட்டு அறை என்று ஒவ்வொன்றிலும் பலகை. எல்லாம் இளைஞர் நலப் பணிகள். விளையாட்டு அறைக்குள் யாரோ கேரம் ஆடும் சத்தம் கேட்டது. ஸ்ட்ரைக்கர் பட்டுக் காய் குழியில் விழுந்தது. பலவேசம் கதவைத் திறந்தார். சுவர். சுவரைத் தட்டினார். நல்ல கெட்டியான சுவர். உள்ளே ஒருவன் "ரெட்டு எனக்கு" என்றான். கதவை மூடிவிட்டு நடந்தார்.

தரை ஓடுகளையும் அவர் விடவில்லை. போன வாரம் ஒரு ஓட்டில் ஆணியால் கீறி அடையாளம் வைத்திருந்தார். இன்றைக்கு அதே கீறல் நான்கு இடத்தில் இருந்தது.

ரெண்டு மணி நேரம் நடந்தபின் கொத்தனார் அந்தோணியைப் பார்த்தார். மூன்று வருஷமாக ஓடு பதிக்கிற ஆள். வராண்டாவிலேயே குடித்தனம். கொடியில் அவன் பெண்டாட்டியின் சேலை காய்ந்தது.

"அந்தோணி, ஒரே ஓட்ட எத்தன இடத்துல வைக்க?"

"வாங்க அண்ணாச்சி. பின்னால எடுத்து முன்னால வைப்போம்."

"பின்னால எடுத்தா அங்க பள்ளமால்ல இருக்கணும்?"

"அது எங்களுக்கும் புரியல. இருக்க மாட்டேங்கு."

"இது எங்கவே போயி முடியும்?"

"முடியுற எடத்துல பசங்க இருக்காங்க. அவங்களத் தள்ளித் தள்ளித்தான் வச்சிட்டு வாறோம்."

"பாவமா இல்லையாவே?"

அந்தோணி கரண்டியைத் தட்டினான். "பாவமாத்தான் இருக்கு. அதுக்கு நிதி இல்ல அண்ணாச்சி."

பலவேசம் அங்கேயே உட்கார்ந்து சோற்றில் பாதியைத் தின்றார். மீதியைப் பேரனுக்கு வைத்தார். எழுந்திருக்கும்போது முட்டி கடகடத்தது. அந்தோணி தூக்கிவிடக் கை நீட்டினான். பலவேசம் முதலில் தன் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் கையைப் பிடித்தார்.

இன்னும் ஒரு மணி நேரம் நடந்தார். வராண்டா முடிந்தது. அங்கே மேஜை போட்டு குமுதா உட்கார்ந்திருந்தாள். டம்ளரில் அதே டீ. இன்னும் ஆவி பறந்தது.

"நீ எப்படிம்மா எனக்கு முன்னால வந்த?"

"நான் எங்கயும் போகலையே பெரியவரே. நீங்கதான் நடந்தீங்க."

அவள் பின்னால் நன்னடத்தை அலுவலர் நின்றுகொண்டிருந்தார். நன்னடத்தை அலுவலர் என்றால், பையன் எப்படிப்பட்டவன் என்று விசாரித்து எழுதிக் கொடுக்கிற அதிகாரி. அந்த வேலைக்கு ஆள் போட நிதி இல்லை. அதனால் பஸ் ஸ்டாண்டில் நின்ற எடை பார்க்கும் மெஷினைக் கூடுதல் பொறுப்பில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாகச் சக்கரம் சுற்றுகிற மெஷின். கழுத்தில் பெயர்ப் பலகை தொங்கியது. பஸ் ஸ்டாண்டில் இருந்தபோது கிலோ மட்டும்தான் காட்டும். பதவிக்கு வந்தபின் கிராமும் காட்டியது.

"சாருக்கு வணக்கம் சொல்லுங்க" என்றாள் குமுதா.

பலவேசம் சொல்லவில்லை. மெஷினுக்கு அடியில் குனிந்து, ஏதாவது கல் செருகியிருக்கிறார்களா என்று பார்த்தார். இல்லை. அப்படி இல்லாமல் இருந்தது அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

அபினேஷைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தான். வந்து மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றான்.

"ஏலே, பேட்டரிய நீ எடுத்தியா?"

"எடுக்கல தாத்தா."

"ஒம்பது வாரமா அதையே சொல்லுத."

"ஒம்பது வாரமா நான் எடுக்கலையே."

பலவேசம் தூக்குவாளியைக் கீழே வைத்தார். மெஷினில் ஏறினார். முள் துள்ளி அறுபத்திரண்டு கிலோவில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. ஆள் எடையைக் கழித்துவிட்டது. இது அவருக்குத் தெரிந்த வழக்கம்தான். ரேஷன் கடையில் அரிசியை நிறுத்தால் சாக்கு எடையைக் கழிப்பார்கள். இங்கே ஆள்தான் சாக்கு.

குமுதா படிவத்தைப் பார்த்துப் படித்தாள். "பலவேசம், த.பெ. மாடக்கண்ணு. பையன் சொல்வதை நம்புகிறீர்களா?"

பேரனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்தான். நாளைக்குக் கூட்டம். இனி இந்த முட்டியை வைத்துக்கொண்டு வர முடியாது. பையன் ஓடுகளுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருப்பான்.

"ஆமாம்" என்றார் பலவேசம்.

முப்பத்தொரு வருஷத்தில் கடைக்கு வந்த அதிகாரிகளிடம்கூட அவர் அந்த வார்த்தையைச் சொன்னது கிடையாது.

முள் எழுந்தது. எண்ணூறு. தொள்ளாயிரம். தொள்ளாயிரத்து ஐம்பதில் நின்றுவிட்டது.

குமுதா எட்டிப் பார்த்தாள். "ஐம்பது கிராம் கொறையுதே பெரியவரே."

பலவேசத்துக்கு முகம் சுருங்கியது. அந்த ஐம்பது கிராம் அவருக்குத் தெரிந்த ஐம்பது கிராம். ஒரு கிலோ சீனிக்கு ஒவ்வொரு கார்டிலும் அவர் எடுத்துக்கொண்டது அதுதான். கால் பெருவிரலைத் தட்டின் ஓரத்தில் லேசாக வைத்தால் போதும். தராசு ஒரு கிலோ என்று சொல்லும். வாங்குகிறவர்கள் முள்ளைத்தான் பார்ப்பார்கள். எவனும் காலைப் பார்க்க மாட்டான்.

"இன்னொரு தடவ சொல்லட்டுமா?"

"மெஷின் சார் ஒரு தடவதான் எடுத்துக்கிடுவாரு. குறைஞ்சது குறைஞ்சதுதான். அடுத்த வியாழக்கிழமை வாங்க."

அவள் முத்திரையை எடுத்தாள். அப்போது முள் அசைந்தது. தொள்ளாயிரத்து எழுபது. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. ஆயிரத்தில் வந்து அப்படியே நின்றது. ஒரு நடுக்கம்கூட இல்லை. நல்ல பழகின கை.

கை இல்லை, கால். பலவேசம் முள்ளைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தார். அபினேஷின் கால் பெருவிரல் மெஷின் தட்டின் ஓரத்தில் இருந்தது. பையனின் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அப்படித்தான் திரும்ப வேண்டும். அதுவும் சரியாகவே இருந்தது.

மெஷின் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. சின்ன அட்டை ஒன்று வெளியே விழுந்தது. குமுதா எடுத்து வாசித்தாள்.

"எடை சரி. பையனைக் கூட்டிச் செல்லலாம். உங்களுக்கு நெடும்பயணம் வாய்க்கும்."

"கடைசில உள்ளது என்ன?"

"அது எல்லாருக்கும் வரும். பஸ் ஸ்டாண்டுப் பழக்கம். இன்னும் விடல."

பையனின் துணிப்பையைக் கொடுத்தார்கள். பலவேசம் பிரித்து எண்ணிப் பார்த்தார். ஒரு சட்டை கூடுதலாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தார். குமுதா வாங்க மறுத்தாள். கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. சட்டையை மெஷினுக்குப் போட்டுவிட்டார்கள். அதற்குச் சரியாக இருந்தது.

இரண்டு பேரும் வராண்டாவில் நடந்தார்கள். அபினேஷ் நடந்துகொண்டே தூக்குவாளிச் சோற்றைத் தின்றான்.

"தாத்தா, கால் வலிக்கா?"

"எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்."

"சும்மா எவனும் கேக்க மாட்டான்."

அந்தோணியின் குடித்தனம் இருந்த இடத்தில் அந்தோணி இல்லை. அவன் பெண்டாட்டி மட்டும் இருந்தாள். சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தை நாளைக்குப் பதிலாக இன்றைக்கே போட்டுவிட்டார்களாம். நிதி வந்துவிட்டதாம். அந்தோணி வாசல் பக்கம் போய் ஓடு பதிக்க ஆரம்பித்துவிட்டான் என்றாள். தூரத்தில் வாசல் தெரிந்தது. தீப்பெட்டி அளவு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீக்குச்சித் தலை அளவு ஆனது.

பலவேசம் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்.

"எங்கலே படிச்ச அத?"

"எத?"

"கால் வேலைய."

அபினேஷ் வாளியை வழித்து நக்கினான். "ரேஷன் கடையில. நான் ரெண்டாப்பு படிச்சப்ப லீவுல கூட்டிட்டுப் போயி சீனி மூட்டை மேல உக்கார வைப்பீங்கல்லா."

"அப்ப என்ன பாத்த?"

"எல்லாரும் முள்ளப் பாப்பாங்க. நான் சின்னப் பையன், கீழ இருந்தேன். உங்க காலத்தான் பாத்தேன்."

பலவேசத்துக்குக் காது மடல் சுட்டது. எட்டு வருஷம். வீட்டில் இதை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் சோறு தின்றிருக்கிறான்.

"யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லல."

"ஒங்க அம்மைகிட்ட?"

"இல்ல."

"போலீஸ்காரன் அடிச்சப்ப? என் தாத்தாதான் களவாணின்னு சொல்லலையா?"

"அவரு பேட்டரியப் பத்தித்தான தாத்தா கேட்டாரு."

சுவருக்குள் கேரம் ஆடும் சத்தம் கேட்டது. "இன்னும் ரெட்டு விழல" என்று யாரோ சொன்னார்கள். வாசல் இப்போது தெரியவே இல்லை. இருந்த திசை மட்டும் தெரிந்தது.

பலவேசம் நின்று பேரனை மேலும் கீழும் பார்த்தார். பையனின் முகத்தில் ஒளித்து வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். பருக்கைதான் ஒட்டியிருந்தது.

"பேட்டரிய எடுத்தியா?"

"எடுக்கல தாத்தா."

"ஆமாம்" என்றார்.

அதை எடை போட அங்கே மெஷின் எதுவும் இல்லை. பையனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விட்டால் ஓடிவிடுவான். அப்புறம் நடந்தார்கள். முதல் நூறு ஓடு தாண்டும்போது அதே கீறல் வந்தது. இரண்டாவது நூறிலும் வந்தது.