ஓவராயில்

மாரிகுப்பத்தில் சைக்கிள் வைத்திருந்த தமிழர்கள் அந்தக் காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் ஒருவன் ஹரோல்ட். தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீசில் ரைட்டர். ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்கள் பேரை எழுதிக்கொள்வதும், ஏறி வந்ததும் அந்தப் பேரைக் கோடு போட்டு அடிப்பதும் அவன் வேலை. சைக்கிளைப் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு கடையில் வாங்கினான். விற்ற கையோடு கடைக்காரன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து ஓவராயில் பண்ணிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வண்டிக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினான். ஹரோல்ட் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

மூன்று மாதம் ஆனால் போதும். சைக்கிளை ரயிலில் ஏற்றி, பங்காருபேட்டையில் இறக்கி, பெங்களூர் வண்டியில் மறுபடி ஏற்றிக் கொண்டுபோவான். ரயில் கூலி, கடைக்காரன் கூலி எல்லாம் சேர்த்தால் கால் மாதச் சம்பளம் போய்விடும். ஒரு சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட இவ்வளவு கொட்டி அழுகிறவனை ஊர் சும்மா விடுமா? வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தார்கள். "மிஷின் விஷயம், நாம கை வைக்கக் கூடாது" என்று ஹரோல்ட் பெரிய மனிதத் தோரணையில் பதில் சொல்வான்.

சுத்தப் பொய். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அந்த வேலை அவனுக்கு அத்துப்படியாகிவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சக்கரத்தைக் கழற்றி, பேரிங் குண்டுகளைக் கழுவி, திரும்ப மாட்டிவிடுவான். ஆனால் தானே செய்துகொண்டால் பெங்களூருக்குப் போவது எப்படி? அங்கேதான் ஃப்ளோரா இருந்தாள்.

ஃப்ளோரா அவன் பெண்டாட்டி. பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அவன் ஆபீசுக்குப் போனபின் நாள் முழுக்க சுரங்கக் கல்லை ஸ்டாம்ப் மில் இடித்து நொறுக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒண்டியாக உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. பெங்களூரில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை இருக்கிறது, போகட்டுமா என்று கேட்டாள். கேட்ட இடம் கோயில் வாசல், ஆராதனை முடிந்து ஆட்கள் நின்றிருந்த நேரம். ஹரோல்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "போறதுன்னா போ. ஆனா உன்னத் தேடிக்கினு நான் வரமாட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டான். அவள் போய்விட்டாள். கேட்ட நாலு பேரும் அடுத்த வாரமே அதை மறந்துபோனார்கள். இந்த மகராசன் மட்டும் அந்தச் சொல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று வருஷமாகத் திரிகிறான்.

சைக்கிள் வாங்கியது அவள் போன பிறகு. முதல் தடவை ஓவராயிலுக்கு விட்டபோது, சாயங்காலம் வரை ஆகும் என்றார்கள். கால் தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தது. கேட்டருகே அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இன்னா இந்தப் பக்கம்?" என்றாள் ஃப்ளோரா.

"வண்டி ரிப்பேருக்கு வந்தேன்."

அவள் உள்ளே போய் ஒரு பீங்கான் தட்டில் சோறு கொண்டுவந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து தின்றான். வண்டிக்கு என்ன என்று கேட்டாள். செயின் தொங்குகிறது என்றான். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். டயர் எப்படி இருக்கிறது, பிரேக் பிடிக்கிறதா என்று அவள் கேட்பாள். அவன் விலாவாரியாகச் சொல்வான். ஊரில் யாரும் அவனிடம் அத்தனை கேள்வி கேட்டதில்லை. எப்படி இருக்கிறாய், வீட்டுக்கு வருகிறாயா என்பது மட்டும் அவன் வாயில் வராது. மாரிகுப்பத்துக்குத் திரும்பி, ஒரு வேளை பொங்கி இரண்டு வேளை தின்றுகொண்டு, அடுத்த ஓவராயிலுக்கு நாளை எண்ணுவான். அந்தத் தட்டுச் சோறுதான் அவனுக்கு மூன்று மாதத்துக்குத் தாங்கும்.

இப்படியே போயிருக்கும். காத்தவராயன் குறுக்கே வந்தான்.

காத்தவராயன் சுரங்க ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் மேஸ்திரி. நல்லவன். பிரச்சினையே அதுதான்.

"இன்னா ரைட்டரய்யா, மறுபடியும் பெங்களூரா?" என்றான் ஒருநாள்.

"ஆமா மேஸ்திரி. ஓவராயில் பண்ணணும்."

"ஓவரா ஆயிலா? ஆயிலு வுடறதுக்கா ரயிலேறிப் போறீங்க? நம்ம ஒர்க்ஷாப்புல பீப்பா பீப்பாயா கீது. எவ்ளோ ஓவரா வோணும், சொல்லுங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹரோல்டும் சிரித்துவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். படித்த புத்தி விடவில்லை. "எண்ணெய் இல்ல மேஸ்திரி. எல்லாத்தையும் கழட்டிக் கழுவித் திரும்ப மாட்டறதுக்குப் பேரு அது" என்று விளக்கம் சொல்லி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

காத்தவராயன் முகம் மாறிவிட்டது. "கழட்டி மாட்டறதா? ஷாஃப்டுல ஆளுங்கள இறக்கற கேஜு சக்கரத்த நான் கழட்டி மாட்றேன். இந்த ரெண்டு சக்கரத்தப் பெங்களூர்க்காரன் வந்து கழட்டணுமா? அப்ப நாங்கல்லாம் இன்னா, மண்ணு துன்றமா?"

மறுநாள் ஹரோல்ட் ஆபீசுக்குள் இருந்த சமயம் வெளியே நிறுத்தியிருந்த சைக்கிளைக் காத்தவராயன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்தியபோது அது புது மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. சக்கரத்தைத் தட்டிவிட்டான். சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கூலி எவ்வளவு என்று ஹரோல்ட் கேட்டதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"துட்டெல்லாம் வோணாம். இனிமே நீங்க பெங்களூர் பக்கமே தலவச்சுப் படுக்க வோணாம். நான் கீறேன்."

கூடியிருந்தவர்கள் ஒர்க்ஷாப்பின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகச் சந்தோஷப்பட்டார்கள். ஹரோல்ட் முகத்தில் ஈயாடவில்லை. ரொம்ப உபகாரம் மேஸ்திரி என்று எப்படியோ சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சுவரில் சாய்த்து வைத்த வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அழுகை வந்தது. பேச ஆளில்லாத வீட்டில் அன்றைக்குத்தான் அவனுக்கு முதல்முறையாகப் பயமாகவும் இருந்தது.

வண்டியைக் கெடுத்தால் போயிற்று என்று மட்கார்டு நட்டுகளைத் தானே தளர்த்தினான். லொடலொடவென்று ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போனான். ஒர்க்ஷாப் திருப்பத்தில் காத்தவராயன் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, "நில்லுங்க ரைட்டரய்யா!" என்று ஓடிவந்தான். இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாக முடுக்கினான். அதற்குள் ரயில் ஊதிக்கொண்டு போய்விட்டது. "நம்ம வேலையில கொற வந்துடுச்சு, மனசுல வச்சுக்காதீங்க" என்று கைகூப்பினான். அந்த மனுஷனை அறையவா முடியும்?

அப்புறம் சில ஞாயிற்றுக்கிழமைகள் ஹரோல்ட் எங்கும் போகவில்லை. சோறு இறங்கவில்லை. ஆபீசில், சுரங்கத்திலிருந்து ஏறி வந்த ஒருவன் பேரை அடிக்காமல் விட்டு, அவன் இன்னும் சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிறான் என்று ஊரே தேடும்படி ஆகிவிட்டது. அன்றைக்கு அவனுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது. ஒரு சொல்தானே, போகட்டும், சொன்ன வாயாலேயே போய்க் கூப்பிடுவோம் என்று தீர்மானித்தான்.

சைக்கிள் இல்லாமல் ரயில் ஏறினான். வழியெல்லாம் முணுமுணுத்து நெட்டுருப் போட்டான். "உன்னப் பாக்கத்தான் வந்தேன் ஃப்ளோரா. வூட்டுக்கு வா." எதிரே உட்கார்ந்திருந்த தெலுங்குக்காரி, பைத்தியமோ என்று கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள். அவனுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசாக இருந்தது.

கேட்டில் பாப்பம்மா நின்றிருந்தாள். ஃப்ளோராவோடு ஒரே அறையில் தங்குகிற ஆயா. அவனைப் பார்த்தாள், அவன் பின்னால் தெருவைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள். எப்போதும் நிதானமாக நடந்து வருகிற ஃப்ளோரா அன்றைக்கு ஈரக் கையோடு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"வண்டி எங்க?"

"வூட்ல கீது."

"கெட்டுப்போச்சா?"

"இல்ல. நல்லா ஓடுது."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்படியொரு சின்னக் குரலில் அவள் பேசி அவன் கேட்டதில்லை. "அப்ப… இன்னாத்துக்கு வந்தீங்க?"

எல்லாம் சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு வாக்கியம் பாக்கி. ரயிலில் அத்தனை தரம் சொன்ன வாக்கியம். ஆனால் பாப்பம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். காவல்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். வரமாட்டேன் என்று சொன்னவன் வந்து நிற்கிறேனே என்று ஹரோல்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாழாய்ப்போன வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

"பம்ப் ஒண்ணு வாங்கணும். அதான்."

ஃப்ளோரா தலையை ஆட்டினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

"கடைய சாத்திடப் போறான். சீக்கிரம் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வார்டுக் கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. ஆண்கள் அதைத் தாண்டக் கூடாது.

பாப்பம்மா நகரவில்லை. "இன்னா மனுசன்யா நீ?" என்றாள். "வண்டியில்லாம என்னிக்கு வராரோ, அன்னிக்கே மூட்டயக் கட்டிக்கினு அவரோட கெளம்பிடுவேன்னு மூணு வருசமா சொல்லிக்கினு கீறா. இப்ப ஓடியாந்தது அதுக்குத்தான்."

ஹரோல்ட் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "கூப்பிடு" என்றான். "கொஞ்சம் கூப்பிடும்மா அவள."

"இன்னான்னு சொல்லிக் கூப்புடறது?" என்றாள் பாப்பம்மா. "பம்ப்பு வாங்க வந்தவரு கூப்புடறாருன்னா?"