துளசிமணிக்கு ஒரு வட்டம்

கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று காளிச்சாமியிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்தான். "நானும் என்ற தம்பியும்ங்க. ரெண்டே பேரு." சரி, இறந்துபோனவர்கள் யாராவது உண்டா என்றேன். "ஆரும் இல்லீங்க அம்மணி" என்றார். நம்பிவிட்டேன். வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் இன்னும் நான்கு கேள்வி கேட்டிருப்பேன். நானும் இந்த ஊர்ப்பக்கத்துக்காரிதான், அதனால்தான் ஏமாந்தேன்.

என் பெயர் நந்திதா. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் போர்ஃபிரியா என்ற பரம்பரை நோயைத் தேடி ஊர் ஊராக அலைவது என் பிழைப்பு. ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளை உடம்பு எட்டுப் படிகளில் செய்கிறது. ஏதோ ஒரு படி பிறவியிலேயே பழுதாக இருந்தால் அரைகுறைச் சரக்கு தேங்கும். அது நரம்பைத் தாக்கும். வயிறு வலிக்கும், கை கால் விழும், புத்தி தடுமாறும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்ட பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

காளிச்சாமியின் மகள் லோகப்பிரியாவும் அப்படி அனுப்பப்பட்டவள். வயது இருபத்து மூன்று. படிப்பை முடித்து, ஹாஸ்டலை விட்டு வீட்டோடு வந்தபின் மூன்று தை மாதங்களிலும் வலி வந்தது. முதல் தையில் குடல்வாலை எடுத்தார்கள். இரண்டாம் தையில் மனசு என்றார்கள். மூன்றாம் தையில் எங்களிடம் வந்தபோது கை தூக்க முடியவில்லை, மூச்சு திணறியது. அவளுடைய சிறுநீரை ஜன்னலோரம் வெயிலில் வைத்தோம். மாலைக்குள் நாவல்பழச் சாறு நிறத்துக்கு மாறியது, அதுதான் இந்த நோயின் அடையாளம். குளுக்கோஸ் ஏற்றினோம், பிறகு மருந்து கொடுத்தோம். பிழைத்தாள். இன்னொரு முறை இப்படி வந்தால் மூச்சு நின்றுவிடக்கூடும் என்று பெரிய டாக்டர் சொன்னார். பட்டினி கிடக்கவே கூடாது என்றும் சொன்னார்.

இந்தத் தையில், ஒரு செவ்வாய்க்கிழமை, அவளே போன் செய்தாள். "அக்கா, வர்ற வெள்ளிக்கெழம எங்கூட்டுல கன்னி கும்புடறமுங்க. கல்யாணமாகாத புள்ளைன்னு நான்தான் வெரதம் இருக்கோணும். வியாழக்கெழம காலைல இருந்து பச்சத்தண்ணிதான். அப்பாகிட்ட நீங்களே வந்து சொல்லிப்போடுங்க. நாஞ்சொன்னா எடுபடாது."

மறுநாளே அன்னூர் பஸ் ஏறினேன். பையில் காளிச்சாமியின் ரத்த முடிவும் இருந்தது. பழுது அவர் வழியில்தான் வந்திருக்கிறது. ஆண்களிடம் இது பெரும்பாலும் சத்தமில்லாமல் தூங்கும், பெண்களிடம்தான் விழித்துக்கொள்ளும். அப்படியானால் அவர் பக்கத்தில் எங்காவது ஒரு பெண் வலியில் துடித்திருக்க வேண்டும். அவளைக் காட்டிவிட்டால் மனிதர் மசிவார் என்பது என் கணக்கு. வம்சப் படத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அவர் வரிசையில் இரண்டு சதுரம்தான் விழுந்தது. வட்டம் இல்லை.

விரதத்தைப் பற்றி நான் பேச்செடுத்ததும் அவர் முகம் இறுகியது. "ஆஸ்பத்திரிக்காரங்க சொல்றதெல்லாம் சரிங்க. சாமி காரியத்துல கை வெக்காதீங்க. மூணு வருசமா புள்ளயப் புடிச்சு ஆட்டுது. வெரதத்துல என்னமோ கொற. இந்த வருசம் கொறையில்லாம இருந்தா எறங்கிக்கும்." குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. பயந்தவரிடம் சண்டை போட முடியுமா? "மொதல்ல சாப்புடுங்க அம்மணி. ஊட்டுக்கு வந்தவிய வெறும் வயித்தோட போகப்படாது" என்றார். மகளைப் பட்டினி போட இருப்பவர் எனக்கு இரண்டு முறை சோறு போடச் சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சாப்பிட்டேன்.

உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு. தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தார்கள். தை மாதத்து வெயிலுக்குச் சூடு கிடையாது. வடமேற்கே நீலகிரி, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி வெளிறிக் கிடந்தது. சொட்டுநீர்க் குழாயில் எங்கோ ஓர் ஓட்டை. தண்ணீர் ஒரே மாதிரி சீறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலேயே மிதந்து போனேன். பச்சைச் சேலை கட்டிய பெண் ஒருத்தி வாழைக்கு நடுவிலிருந்து வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், கட்டில் அசையவே இல்லை. வம்சப் படம் வரைந்த என் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெண்கள் துணி வாங்கும்போது தடவிப் பார்ப்பது போலத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள். எழுதத் தெரியாதவள் மாதிரி திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பயமே வரவில்லை. நெடுநாள் பழகியவள் போல இருந்தாள்.

விழித்தபோது பேனா மூடியபடியேதான் இருந்தது. முகம் கழுவ உள்ளே போனேன். அடுத்த அறை வெள்ளிக்கிழமைக்காகச் சாணி மெழுகிக் கிடந்தது. மூலையில் ஓர் ஓலைப்பெட்டி, அதன்மேல் புதுப் பச்சைச் சேலை, கண்ணாடி வளையல். சாப்பிடப் போகும்போது இதைப் பார்த்திருப்பேன், அதுதான் கனவில் வந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுச் சாமியாக்கி, வருசத்துக்கு ஒரு சேலை வைத்துக் கும்பிடுவோம். அந்தச் சேலைக்கு உரியவள் எனக்கு என்ன முறை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சாமியிடம் யார் முறை கேட்பார்கள்?

துண்டு கொண்டுவந்த லோகப்பிரியாவிடம் ஈர முகத்தோடு அப்படியே திரும்பினேன். "லோகு, உங்க கன்னி ஆரு?"

"அப்பாவோட தங்கச்சிங்க்கா. பேரு துளசிமணி. பத்தொம்பது வயசுல போயிட்டாங்களாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தாளோடு வெளியே ஓடினேன். "ஏனுங்கய்யா, மூணு தடவ கேட்டனுங்களே! ஒரு தங்கச்சி இருந்தான்னு சொல்லலையே!"

காளிச்சாமி நிஜமாகவே குழம்பிப்போனார். "நீங்க மனுசரத்தானுங்களே கேட்டீங்க?"

அந்தத் தப்பு அவருடையது மட்டுமல்ல, என்னுடையதும்தான். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். அவரும் மெதுவாகச் சொன்னார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாளாம். ராவெல்லாம் யாரோடோ பேசினாளாம். ஒண்ணுக்குப் போனால் ரத்தமாட்டம் இருந்ததாம். கடைசியில் கால் விழுந்துவிட்டதாம். நான் அந்த இரண்டு சதுரத்துக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன். நோய்க்காரி என்று கறுப்படித்தேன். இறந்தவள் என்று குறுக்கே கோடிழுத்தேன்.

"உங்க தங்கச்சிக்கு வந்ததும் லோகுக்கு வந்ததும் ஒண்ணுதானுங்க. சாமி புடிக்கல. அவங்களுக்காகப் பட்டினி கெடந்துதான் லோகுக்கு வருசா வருசம் வருது. பட்டினிதானுங்க இதுக்கு வெசம். இனிப்புதான் மொத மருந்து." கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் வாய் ஓடியது. "போன வருசம் குளுக்கோஸ் ஏத்துனதும் வலி எறங்குச்சே, அதும் சர்க்கரைதானுங்க."

"சர்க்கரைங்களா?" என்றார். தோட்டத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்ப இந்தத் தோட்டம் முச்சூடும் கரும்புங்க. பாகு காயற வாசம் ஊட்டுக்குள்ள வருது. அருள் சொல்றவரு, சாமி எறங்கோணும்னா பச்சத்தண்ணிதான் குடுக்கோணும்னு சொல்லிப்போட்டாரு. எட்டு நாளுங்க. அண்ணா, ஒரு துண்டு வெல்லம் குடுண்ணா, ஒரே ஒரு துண்டுன்னு கைய நீட்டுனா. நான் கதவச் சாத்திப்போட்டு ஆலைக்குப் போயிட்டனுங்க." என் முகத்தைப் பார்த்தார். "குடுத்திருந்தா பொழைச்சிருப்பாளாங்க?"

அவ்வளவு முற்றிய நோய்க்கு வெல்லம் போதாது, அந்தக் காலத்தில் இங்கே வேறு மருந்தும் கிடையாது. ஆறுதலுக்காகப் பிழைத்திருக்க மாட்டாள் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். "தெரியலீங்க" என்றேன். "வலி கொஞ்சம் கொறைஞ்சிருக்கும்." அதைச் சொன்னது சரிதானா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவர் தலையாட்டினார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். தோப்பில் நிழல் நீண்டு எங்கள் காலடிக்கு வந்துவிட்டது. அப்புறம் எழுந்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "லோகு! நாளைக்கு வெரதம் கெடையாது. மூணு நேரமும் சாப்புடோணும். வெள்ளிக்கெழம சீனிப் பணியாரம் சுட்டு, மொதல்ல நீ தின்னுபோட்டு அப்புறம் அவளுக்கு வெய்யி."

லோகப்பிரியா கதவருகே வந்து மிரண்டு நின்றாள். "எச்சப் பண்ணுனதயா? சாமி கோவிச்சுக்காதுங்களாப்பா?"

"சாமியா இருந்தாத்தான கண்ணு கோவிச்சுக்கும்" என்றார். "அவ என்ற தங்கச்சி."