தாயார் தொழில்

ஏகாம்பரத்தின் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு விண்ணப்பப் பாரம் இருந்தது. மகள் மல்லிகா கோலாலம்பூரில் தாதிப் பயிற்சிக்குச் சேர வேண்டுமென்றால் அதில் தகப்பன் கையெழுத்து விழ வேண்டும். மறுநாள் காலைத் தபாலில் போனால்தான் உண்டு. மூன்று நாளாக அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார் மனுஷன். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்று கிழித்துப் போடவும் இல்லை. கேட்டால் ஒரே பதில்தான்.

“நம்ம வீட்டுப் பொம்பளைங்க எவளும் வேலைக்குப் போனதில்ல. இனிமேலும் போக வேணாம்.”

இதை அவர் சொன்னபோது மனைவி தெய்வானை பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. பச்சைப் பொய்! சொன்னவருக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும்.

சண்டைக்கு முன்னால் மலாக்காவுக்கும் அலோர் காஜாவுக்கும் இடையே பஸ் ஓட்டியவர் ஏகாம்பரம். நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் அவரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். பெட்ரோலும் போயிற்று, ஆம்பிளைகளும் போனார்கள். பஸ்ஸின் பின்னால் அடுப்பு வைத்துக் கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்டிய காலம் அது. சாம்பல் அள்ளத்தான் தெய்வானையை வேலைக்கு எடுத்தார்கள். கடைசியில் ஸ்டியரிங் பிடிக்கவும் ஆள் இல்லாமல் அவளே பிடித்தாள். எந்த பஸ்ஸை? ஏகாம்பரம் ஓட்டிய அதே பஸ்ஸை!

சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் கொஞ்சம் பேர். ஏகாம்பரம் திரும்பினார், ஆனால் புண் பிடித்த இடது கால் கிளட்சை மிதிக்க மறுத்துவிட்டது. வந்த அன்றே கோப்பிக் கடையில் யாரோ சிரித்துக்கொண்டு, “உன் பொண்டாட்டி உன் சீட்டுல உக்காந்துட்டா” என்றான். அது நெஞ்சில் போய்த் தைத்தது. வீட்டுக்கு வந்து, “இனிமே அந்தப் பேச்சே இந்த வீட்டுல வரக் கூடாது” என்றார். வரவில்லை. கம்பெனியும் ஆம்பிளை டிரைவர்கள் கிடைத்ததும் அவளை அனுப்பிவிட்டது. அவர் ரப்பர் கிடங்கில் காவல் காக்கும் ஜாகா வேலைக்குப் போனார், அவள் அடுப்படிக்குப் போனாள். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

சுதந்திரத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், அன்று சாயங்காலம் மலாக்காவின் காஜா பெராங் திடலுக்குப் படம் காட்டும் வேன் வந்தது. ஏழரை மணிக்குத் திடல் நிரம்பிவிட்டது. பெண்டஹாரா ரோட்டுக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பக்கத்துக் கம்போங்குக் குடிசைகளிலிருந்து, தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டிக் குடும்பங்கள் பாயோடு வந்து முன்னாலேயே இடம் பிடித்துவிட்டன. ஏகாம்பரம் மனைவி மகளோடு ஓரமாக உட்கார்ந்தார். பையில் பாரம் மொடமொடத்தது.

வேனோடு வந்த ராஜரத்தினம் ஒலிபெருக்கியைப் பிடித்துத் தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். படம் அமெரிக்காவைப் பற்றியது.

“சண்டை வந்தது. ஆண்கள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் கப்பலை யார் கட்டுவது? விமானத்தை யார் செய்வது? இதோ பாருங்கள், இவர்கள்தான்!”

திரை முழுக்கப் பெண்கள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கால்சட்டை போட்டுக்கொண்டு, இரும்புத் தகட்டில் ஆணி அறைகிறார்கள், கிரேன் ஓட்டுகிறார்கள். அப்புறம் ஒரு முகம் வந்தது. கறுத்த முகம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பொறி பறக்க இரும்பை ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி.

“இந்தப் பெண் அதுவரை வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். இவருடைய இனத்தாரைத் தொழிற்சாலை வாசலில்கூட நிற்க விடமாட்டார்களாம். சண்டை வந்தது, கதவு திறந்தது.”

“அடியாத்தி! நம்ம கலருடி!” என்று யாரோ ஒருத்தி கூவினாள்.

ஏகாம்பரம் தற்செயலாகத் திரும்பினார். தெய்வானை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடது கை மடியிலிருந்து தானாக எழும்பி, காற்றில் எதையோ பிடித்து அசைத்தது. கியர்! அந்தக் கை கியர் மாற்றுகிறது என்பது டிரைவருக்குத் தெரியாதா? சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் திரை மங்கியது. பளிச்சென்று ஆனது, மறுபடியும் மங்கியது. வேனுக்குப் பின்னால் கரண்டு கொடுத்துக்கொண்டிருந்த எஞ்சின் ஏறி இறங்கி, இரண்டு தும்மல் தும்மி நின்றுவிட்டது. திடல் இருண்டது. சனங்கள் சீழ்க்கை அடித்தார்கள்.

ராஜரத்தினம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். படம் காட்டத் தெரியுமே தவிர எஞ்சின் வைத்தியம் அவருக்குத் தெரியாது.

“ஏகாம்பரம் பாருங்க லா! பழைய டிரைவராச்சே!” என்று மளிகைக் கடைச் சுப்பையன் குரல் கொடுத்தார்.

ஏகாம்பரம் எழுந்தார். எத்தனை நாளாயிற்று ஒருத்தர் அவரை டிரைவர் என்று கூப்பிட்டு! காலை இழுத்துக்கொண்டு போய்ப் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோல் குழாயை வாயால் ஊதினார். கார்புரேட்டரைத் திறந்து சுத்தம் செய்தார். தாம்புக் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி இழுத்ததும் எஞ்சின் பிடித்தது, ஒரு நிமிஷம் ஏறி இறங்கியது, செத்தது. மறுபடியும் பிளக், மறுபடியும் பெட்ரோல். அரை மணி நேரம் ஆயிற்று. வேர்வை கொட்டியது. பின்னால் சிலர் பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஏங்க.” தெய்வானை பக்கத்தில் வந்து நின்றாள். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “பெட்ரோல்ல ஒண்ணுமில்ல. அது காத்து இழுக்குது.”

“போய் உக்காரு.”

“அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு எனக்குப் பாக்கணுங்க.”

பன்னிரண்டு வருஷத்தில் அவள் தனக்கு வேண்டும் என்று கேட்டது அவர் நினைவுக்கு எட்டியவரை அதுதான் முதல் தடவை.

“என்ன ஏகாம்பரம், வீட்டுக்காரம்மாகிட்ட ஒப்படைச்சிட்டீங்களா?” சுப்பையன் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். காது மடல் எரிந்தது ஏகாம்பரத்துக்கு.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு செட்டி அம்மா, கெபாயாச் சட்டையும் சாரோங்குமாகத் தடதடவென்று எழுந்து வந்து தெய்வானையின் முகத்தை உற்றுப் பார்த்தாள். “டியா லா! டிரைவர் பஸ் ஆராங்!” என்று கத்தினாள். அவளேதான், கரி பஸ் டிரைவர்! பிறகு சனங்களைப் பார்த்து மலாயில் பொரிந்து தள்ளினாள். பதினாலு மாதம் அலோர் காஜாவிலிருந்து மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தது யார்? பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீக்காளிகளைச் சுமந்தது யார்? என் புருஷன் ஜுரத்தில் கிடந்தபோது மடியில் தன் பிள்ளையை வைத்துக்கொண்டு மழையில் வண்டி ஓட்டி வந்தவள் இவள்தான். சிரிக்கிறவன் இப்போது சிரிக்கட்டும்!

ஒருவரும் சிரிக்கவில்லை. மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அந்த மடியில் இருந்த பிள்ளை அவள்தான்.

பதினாலு மாதம். அந்தக் கணக்குக்கூட ஏகாம்பரத்துக்கு அன்றுவரை தெரியாது. அவர் கேட்டிருந்தால்தானே!

கையிலிருந்த ஸ்பானரை அவளிடம் நீட்டினார்.

தெய்வானை முந்தானையை இழுத்துச் செருகினாள். “தம்பி, கொஞ்சம் சவுக்காரமும் தண்ணியும் குடுங்க” என்றாள் ராஜரத்தினத்திடம். “கரி பஸ்ஸுன்னா ஊதுபத்தி போதும். எங்க ஓட்டையோ அங்க பொகைய உள்ள இழுக்கும். இது பெட்ரோல், நெருப்பு ஆகாது.”

நுரையைக் குழைத்து, எஞ்சினை ஓடவிட்டு, இணைப்பு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தாள். கார்புரேட்டரும் எஞ்சினும் சேருகிற இடத்தில் நுரை சடக்கென்று உள்ளே போய் மறைந்தது. எஞ்சின் ஒரு கணம் சீராக ஓடியது.

“இந்தா இருக்கு. நடுவுல வச்ச பேக்கிங் அட்டை கிழிஞ்சிருக்கு.”

கரி பஸ்ஸில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் மேட்டில் ஏறாது. பெட்ரோல் பஸ் ஓட்டிய ஏகாம்பரத்துக்கு அந்தக் கஷ்டம் வந்ததே இல்லை. அவர் பிளக்கைப் பார்த்தார், அவள் எஞ்சினின் மூச்சைக் கேட்டாள்.

எஞ்சினை நிறுத்தி, கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, படச்சுருள் பெட்டியின் அட்டையை வாங்கி எண்ணெயில் தோய்த்தாள். இரும்பின் வாயில் அதை வைத்து, ஸ்பானரின் முனையால் ஓரமெல்லாம் பொடிப் பொடியாகத் தட்டினாள். அளந்து வெட்டியது மாதிரி வடிவம் தானாகக் கழன்று வந்தது. ஒரு நட்டை முழுக்க முடுக்காமல், இதில் கொஞ்சம் அதில் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்கினாள். ஏகாம்பரம் டார்ச்சை வாங்கி அவள் கைக்குக் கிட்டத்தில் பிடித்தார். அப்பப்பா! இந்தக் கையா பன்னிரண்டு வருஷம் எனக்குச் சோறு மட்டும் போட்டது?

“இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?” என்றார்.

“சொல்லிக் குடுக்க யாருங்க இருந்தா?” என்றாள் அவள்.

கயிற்றை அவரே இழுத்தார். எஞ்சின் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. திரை வெளிச்சமானதும் திடலே எழுந்து கை தட்டியது. சுப்பையனும் தட்டினார்.

படம் முடிந்தது. கறுத்த பெண் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தாள், சண்டை ஓய்ந்தது, கொடி பறந்தது, அவ்வளவுதான். சனங்கள் கலைந்தார்கள். தெய்வானை மட்டும் வேனருகே போய் நின்றாள்.

“தம்பி, சண்ட முடிஞ்சதும் அந்தப் பொண்ணு என்ன ஆனா? வேலையில வச்சுக்கிட்டாங்களா?”

ராஜரத்தினம் தலையைச் சொறிந்தார். “அது படத்துல இல்லீங்கம்மா. நிறையப் பேர வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்கன்னு கேள்வி.”

“ம். அப்படித்தான் சொல்லியிருப்பாங்க” என்றாள் தெய்வானை. குரலில் கோபம் இல்லை. அதுதான் ஏகாம்பரத்தைப் போட்டு அறுத்தது. அந்தக் கறுத்த பெண்ணை யார் அனுப்பினார்களோ அவருக்குத் தெரியாது. இவளை அனுப்பியது யார் என்று நன்றாகத் தெரியும். கம்பெனி ஒரு தடவைதான் அனுப்பியது. அவர் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

“மல்லிகா, பேனா இருக்கா?”

வேன் விளக்கடியில் பாரத்தைப் பிரித்தார். மகள் இங்கிலீஷில் அழகாக நிரப்பியிருந்தாள். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் ஜாகா. தாயார் தொழில் என்ற இடத்தில் வெறும் கோடு.

ஏகாம்பரத்துக்கு இங்கிலீஷில் எழுதத் தெரிந்தது இரண்டே சொல். ஒன்று தன் பெயர். இன்னொன்று சண்டைக்கு முன் பதினொரு வருஷம் பஸ் கம்பெனிக் கணக்குத் தாளில் தினமும் தன் பெயருக்குக் கீழே எழுதியது. அதை அந்தக் கோட்டின் மேல் அழுத்தி எழுதினார்: டிரைவர். பிறகு கீழே கையெழுத்துப் போட்டு மகளிடம் நீட்டினார். மல்லிகா படித்துப் பார்த்து, அங்கேயே நின்று அழுதாள்.

“என்னடி எழுதியிருக்காரு?” என்றாள் தெய்வானை. மகள் சொன்னாள். தெய்வானை எண்ணெய் பட்ட விரல்களை முந்தானையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். நொண்டிக் காலுக்குத் தோதாக அவள் மெதுவாக நடந்தாள். பாதி வழி வந்ததும், கேட்காமலே அவள் குரல் எழுந்தது.

“மொத நாள் எனக்குக் கிளட்ச் எட்டலைங்க. முதுகுக்குப் பின்னால கரி மூட்டையச் சொருகிக்கிட்டுத்தான் ஓட்டினேன்.” பழைய பழக்கத்தில் அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

ஏகாம்பரம் நடையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“அப்புறம்?” என்றார்.