ஆறு இலக்கம்

கடையில் வரிசையாக நின்ற இரும்புப் பெட்டகங்களில் ஒன்றின் முன்னால் குந்தியபடி, ட்வைலா எண் பித்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினாள். ஆறாவது அமுக்கலில் பச்சை விளக்கு எரிந்து, உள்ளே தாழ் விலகும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள், சாத்தினாள், மறுபடியும் முதலிலிருந்து அமுக்கினாள். இது பதினோராவது தடவை.

"வீட்டுக்குப் போறதுக்குள்ள பேட்டரிய தீத்துருவ போலருக்கே," என்றார் கடைக்காரர் டெல்பர்ட்.

"தீந்தா என்ன ஆகும்? அதச் சொல்லுங்க முதல்ல."

"பேட்டரி வெளிப்பக்கந்தான் இருக்கு. புதுசு மாட்டினா பழைய நம்பர்லயே திறக்கும். நாலு தடவ தப்பா அமுக்கினா அஞ்சு நிமிஷம் செத்த மாதிரி கெடக்கும். அதாம்மா இதோட அழகே."

அவள் கணவன் ரஸ் இதற்குள் விரல்ரேகை வைத்தால் திறக்கும் பெட்டகத்தின் பக்கம் நகர்ந்திருந்தான். டெல்பர்ட் அவன் ரேகையைப் பதியப் பார்த்தார். சிவப்பு விளக்கு. கட்டைவிரலை எச்சில் தொட்டுத் துடைத்து வைத்தான். மறுபடியும் சிவப்பு. முப்பது வருஷம் வேலிக்கம்பி இழுத்த கையில் ரேகை எங்கே மிச்சமிருக்கும்!

"யோவ், உன்ன ஆளாவே மதிக்கலையே அது," என்று ட்வைலா சிரித்தாள். மூன்று வாரமாகவே எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. கால் தரையில் பாவவில்லை.

அவர்கள் வீட்டில் துப்பாக்கியை யாரும் பூட்டி வைத்ததில்லை. பின்வாசல் ஆணியில் இரண்டு, டிரக்கின் பின்கண்ணாடியில் ஒன்று, அவ்வளவுதான் ஏற்பாடு. அமெரிக்காவின் மொன்டானாவில் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாமே அப்படித்தான். இப்போது பூட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமை வளர்ப்புக் குழந்தைகள் அலுவலகத்திலிருந்து போனி என்ற அதிகாரி வீட்டைப் பார்வையிட வருகிறார். அவர் சரி என்றால் இரண்டு பெண் குழந்தைகள் வருவார்கள். ஜூனிக்கு ஆறு வயது, மேவுக்கு நாலு. இல்லையென்றால் அவர்கள் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதுவும் ஆளுக்கொரு வீடாக.

பதினாலு வருஷக் காத்திருப்பு. மூன்று வாரத்துக்கு முன், எல்க் மான் வேட்டை முடிந்து திரும்பும் வழியில், சிக்னல் கிடைக்கும் மேட்டில் வண்டி ஏறியதும்தான் அந்த போன் வந்தது. ரஸ் வண்டியை நிறுத்தினான். அக்கா தங்கச்சி ரெண்டு பேர், ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்துக்குவீங்களா என்று கேட்டார்கள். ட்வைலாவுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. ஒரு கணம் அவன் தயங்கியதைப் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. அதனால் வண்டி ஓடிய மைல் கணக்கு காட்டும் எண்களையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் "ஆமா" என்று கத்தினார்கள்.

பித்தான் பெட்டகத்தையே வாங்கினார்கள். நாலு பேர் சேர்ந்து இறக்கி, படுக்கையறைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கினார்கள். ரஸ் எண் வைத்தான். அவன் வேட்டைத் துப்பாக்கியின் ரகம் 270. அதையே இரண்டு தரம். "எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது பாரு," என்றான். ட்வைலாவுக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை போனி வந்தார். சேற்றுப் பூட்ஸ், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. புகை வந்தால் அலறும் மணியை அமுக்கிப் பார்த்தார். தோட்டாக்களைத் தனியே பூட்டியிருந்த பெட்டியை ஆட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரு "ம்". கடைசியில் பெட்டகத்தின் முன் நின்று ரஸ்ஸின் இடுப்பைப் பார்த்தார். அங்கே வண்டிச் சாவியோடு ஒரு காலித் தோட்டா தொங்கிக்கொண்டிருந்தது.

"அது 270 தானேங்க?"

"ஆமாங்க! எங்கப்பா குடுத்தது," என்று ரஸ் பெருமையாகப் பல்லைக் காட்டினான்.

போனி குனிந்து ஆறு பித்தான்களை அமுக்கினார். பச்சை விளக்கு. கதவு திறந்தது.

ரஸ்ஸின் காது சிவந்துபோயிற்று.

"நூறு வீடு பாத்திருக்கேன்," என்றார் போனி. "எல்லாம் துப்பாக்கி ரகந்தான். அறுபதுல 308, முப்பதுல 270. மிச்சத்துல கல்யாண நாளு. அதும் மறந்துருமோன்னு கதவுலயே எழுதி ஒட்டி வெச்சிருப்பாங்க. என் வீட்லயே 308 தான் இருந்துச்சு, என் பொண்ணு திறந்துட்டா. காபி இருக்கா? நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மாத்துங்க. பிறந்தநாள் வேணாம், கொழந்தைங்க அததான் முதல்ல அமுக்கும். ஒருத்தர் மாத்தணும், இன்னொருத்தர் திறக்கணும். வாய்விட்டு நம்பர் சொல்லப்படாது."

ரஸ் அடுப்படிக்குப் போய் காபி ஊற்றினான். அவசரத்தில் பாதி மேடையில் கொட்டியது. ட்வைலா பெட்டகத்தின் முன் மண்டியிட்டாள். வீட்டு எண், போன் எண், கல்யாண நாள்... எல்லாம் ஊருக்கே தெரிந்தவை. அப்போதுதான் அவளுக்கு அந்த மேடு ஞாபகம் வந்தது. சரசரவென்று அமுக்கிவிட்டு எழுந்தாள்.

"என்ன நம்பர்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் போனிக்குக் காபியோடு திரும்பி வந்த ரஸ், பரிதாபமாக.

"போன் வந்தப்ப நான் எங்க பாத்துட்டிருந்தேன்?" என்றாள். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அவன் கவனித்திருப்பானா? சாலையைப் பார்த்திருந்தால்? ஜன்னல் வழியே வெளியே பார்த்திருந்தால்? கடவுளே, கடவுளே என்று அடித்துக்கொண்டது மனசு.

ரஸ் விரலை நீட்டினான். இரண்டு. ஒன்று. எட்டு. நிறுத்தினான். போனி காபியை உறிஞ்சினார். ஆறு. மூன்று. ஒன்பது.

பச்சை.

ட்வைலா "ஐயோ!" என்று கத்தியே விட்டாள். "உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"நானும் அங்கதான பாத்துட்டிருந்தேன்," என்றான் ரஸ். "உன் மூஞ்சியப் பாக்க பயந்துகிட்டு."

போனி எதையும் கேட்காதவர்போல் தாளில் கையெழுத்துப் போட்டார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வண்டிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தார். காலையிலிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டும்: குழந்தைகள் தோளில் மாட்டும் இரண்டு சின்னப் பைகள். ஒன்றின் ஜிப் முழுக்க மூடவில்லை. அந்த இடுக்கு வழியே ஒரு பச்சைப் பல்துலக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.