ஒற்றை இஞ்சின்

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அவள் பெட்டியை இழுத்தபோது அது தரையில் கறகறவென்று சத்தம் போட்டது. கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கட்டிலின் மேல் அவள் கணவரைக் கழுத்துவரை போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். காலடியில் இருந்த மாலை ஒன்று நழுவிப் பெட்டிமேல் விழுந்தது. அதை எடுத்துப் பழையபடி வைத்துவிட்டு, பெட்டியின் தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"என்னம்மா தேடற?" என்றாள் கணவரின் அண்ணி.

"தேடலக்கா. எடுத்துட்டேன்."

பெட்டிக்குள் இருந்தது போர்ஸ்கோப். டாக்டர்கள் வாய் வழியாக விட்டு வயிற்றுக்குள் பார்ப்பார்களே, அதே போல நுனியில் கேமரா வைத்த குழாய். இது விமான இஞ்சினின் வயிற்றுக்குள் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அவள் விமான மெக்கானிக். ஓடுதளத்தில் எல்லோருக்கும் மெக்கானிக்கம்மா. கணவர் கேப்டன். கணவரின் அண்ணன் ஆபீஸைப் பார்த்துக்கொண்டார். இருந்த ஒரே பழைய விமானத்தை வைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பால் இருந்த தீவுகளுக்கு மருந்தும் மளிகையும் கொண்டுபோய், திரும்பும்போது நோயாளிகளை ஏற்றிவந்து குடும்பம் பிழைத்தது. மகளும் படித்து விமானியாகி அப்பாவுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார ஆரம்பித்திருந்தாள்.

பழையது இனித் தாங்காது என்று ஆனபோதுதான் தரகர் ஒருவர் காட்டிய டர்போப்ராப் விமானத்தைக் கேப்டன் பார்த்தார். இரண்டாம் கை, ஒற்றை இஞ்சின். பார்த்ததோடு சரி, மனுஷன் கவிழ்ந்துவிட்டார். புதுப் பெயிண்ட், புது சீட், குட்டையான ஓடுதளத்திலும் இறங்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே பேச்சு. முந்தாநாள் காலை, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அதில் ஒரு சுற்றுப் பறந்துவிட்டும் வந்தார். அவள் பார்த்துச் சரி என்று சொல்லாத வண்டியில் அவர் ஏறியது கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

ராத்திரி சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னார். இஞ்சின் டெம்பரேச்சர் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் காட்டுகிறதாம், காலைக் குளிரிலேயே. மீட்டர் சரியில்லை போலிருக்கிறதாம். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். உள்ளே சுழலும் பிளேடுகள் கருகித் தேய்ந்தால், அதே வேலையைச் செய்ய இஞ்சின் அதிகமாகச் சூடாகும். அவருக்கு இது தெரியாததா? வேறொரு விமானி மீட்டர் மேல் பழியைப் போட்டிருந்தால் ஓட ஓட விரட்டியிருப்பார். உள்ளே பார்க்காமல் வாங்கக் கூடாது என்றாள் அவள். நீ எதைத்தான் நல்லது என்று சொல்லியிருக்கிறாய் என்று அவர் தட்டைத் தள்ளிவைத்தார். நேற்று முழுக்க இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் தெருமுனைக்கு வருவதற்குள் போய்விட்டார்.

விமானத் தரகருக்குச் செய்தி போனதும் பெரிய மலர்வளையத்தோடு வந்துவிட்டார். வாசலில் கேப்டனின் அண்ணன் பெரியவரின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். பிடித்த கையை விடாமலே, இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறது, இன்று சாயங்காலத்துக்கு மேல் என்னால் நிறுத்திவைக்க முடியாது என்றும் சொன்னார். வாங்குகிறவர்களின் மெக்கானிக் இஞ்சினைத் திறந்து பார்ப்பதென்றாலும் கெடு அதுவரைக்கும்தான்.

பெரியவர் கண்ணெல்லாம் சிவந்துபோய் அவளிடம் வந்தார். நல்ல மனிதர். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

"அவன் ஆசைப்பட்டுப் பாத்த வண்டிம்மா. கடைசி ஆசை. கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவோம். வண்டிக்கு அவன் பேரையே வச்சிடலாம்."

இதைக் கேட்டு மகளும் தலையாட்டினாள். அதுதான் அவளைச் சுட்டது. நாளைக்கு அந்த வண்டியில் ஏறப்போகிறவள் இந்தப் பெண்தான். கீழே கடல், முன்னால் ஒரே ஒரு இஞ்சின். அது நின்றால் கைகொடுக்க இன்னொன்று கிடையாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் எழுந்தாள். உடம்பை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு எங்கே கிளம்புகிறாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அண்ணி குறுக்கே வந்து கையைப் பிடித்தாள்.

"நாலு பேர் என்ன பேசுவாங்க? இன்னிக்கு ஒரு நாள் இரும்மா."

"அடக்கம் நாளைக்குத்தானேக்கா. அவர் இங்கயேதான் இருப்பாரு. வண்டி சாயங்காலத்துக்கு மேல இருக்காது" என்றாள் அவள். பிறகு மகளைப் பார்த்து, "செருப்பைப் போடு. இஞ்சினைச் சுத்திக் குடுக்க எனக்கு ஆள் வேணும்" என்றாள்.

மகள் காரை ஓட்டினாள். வழியெல்லாம் அழுதாள். அப்பா ஆசையாகக் கேட்டது இது ஒன்றுதான், அதிலும் போய்க் குறை கண்டுபிடிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டாள். அம்மா மனதில் ஓடியது வேறு. அந்த பிளேடுகள் சுத்தமாக இருக்கக் கூடாதா என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தான் தோற்றுப்போனால் நன்றாயிருக்கும். அவர் சொன்னதுதான் சரி, மீட்டர்தான் கோளாறு என்று வீட்டுக்குப் போய் ஒத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம்.

ஹேங்கரில் விமானம் மணப்பெண் மாதிரி நின்றது. அவர் சொன்னதில் பொய்யில்லை, அழகுதான். தரகர் பின்னாலேயே வந்து சேர்ந்தார். இந்த நிலைமையில் உங்களுக்கு ஏன் சிரமம், போன மாதம்தான் எங்கள் ஆட்கள் திறந்து பார்த்தார்கள் என்றார். அவள் பிடிகொடுக்காமல் இஞ்சின் மூடியைக் கழற்றினாள். எரிபொருள் உள்ளே பீய்ச்சும் முனைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாகக் குழாயைச் செலுத்தினாள். மகள் பின்பக்கம் போய், பிளேடுகளைக் கையால் சுழற்ற ஸ்பேனரை மாட்டினாள்.

"மெதுவாச் சுத்து. நிறுத்துன்னா நிறுத்து."

உள்ளங்கை அகலத் திரையில் பிளேடுகள் ஒவ்வொன்றாக வந்து போயின. முதலில் வந்தவை ஒழுங்காகத்தான் இருந்தன. அவளுக்கு மூச்சே லேசானது. பிறகு ஒன்றின் நுனி மழுங்கி வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததன் ஓரம் பூச்சி அரித்த இலை போலக் கரைந்திருந்தது.

"நிறுத்து."

இன்னொன்றின் அடியில் ஒரு கோடு. குழாயைத் திருப்பி வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தாள். வெறும் நிழலாக இருந்தால் நகரும். இது நகரவில்லை. விரிசல்தான்.

கோபம் தலைக்கேறியது. தரகர் மேல் அல்ல. அவன் விற்கிறவன், யார் தலையிலாவது கட்டத்தான் பார்ப்பான். இதில் ஏறி உட்கார்ந்து கடல்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சாப்பிட்டாரே, அந்த மனுஷன் மேல். மகளைக் கூப்பிட்டுத் திரையை அவள் கையில் கொடுத்தாள்.

மகள் நெடுநேரம் பார்த்தாள். கண்ணீர் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

"அப்பா இதுலயாம்மா பறந்தாரு?"

"ஆமா."

தரகர் எட்டிப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. விலையைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். மகள் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வழியை விடுங்கள் என்றாள்.

வீடு திரும்பியபோது கூடத்தில் கூட்டம் கூடியிருந்தது. பெரியவர் பேனாவும் கையுமாக எழுந்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவருக்கு அழுகை பொங்கிவிட்டது.

"செத்தவன் ஆசையைக்கூட நிறைவேத்த விட மாட்டியாம்மா?"

அவள் நின்றாள். இத்தனை பேர் முன்னால் அவள் குரலை உயர்த்தியதே கிடையாது. இப்போதும் உயர்த்தவில்லை.

"அவர் எத்தனையோ வண்டிக்கு ஆசைப்பட்டாரு அத்தான். நான்தான் வேண்டாம் வேண்டாம்னு நின்னேன். ஆயுசு முழுக்கப் பறந்த மனுஷன் தன் கட்டில்ல படுத்துச் செத்திருக்காரே, அது சும்மா வந்ததா? என் பொண்ணுக்கும் அதேதான். யார் என்ன பேசினாலும் சரி."

மகள் பெரியப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"கம்பெனியை மூட வேண்டாம் பெரியப்பா. வேற வண்டி பாருங்க. அம்மா சரின்னா நான் ஓட்டறேன்."

பெரியவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, முகத்தைத் துடைத்தபடி வெளியே போனார். வாசலில் அவர் தரகரிடம் கறாராக ஏதோ சொல்வது கேட்டது.

கை கழுவக்கூடப் போகாமல் அவள் கட்டிலின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து அவர் காதோரம் மெல்லப் பேச ஆரம்பித்தாள். அப்பாடா, இப்போதாவது வாய்விட்டு அழுகிறாளே என்று அண்ணி பக்கத்தில் இருந்தவர்களை எழுப்பித் தள்ளி உட்காரச் சொன்னாள். அவள் அழவில்லை. எந்த பிளேடு, எந்த ஓரம், விரிசல் எங்கே தொடங்கி எதுவரை போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மீட்டரையா குறை சொன்னீங்க என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.