சந்தனம் மறைத்த புண்

தென்பெண்ணையை மறித்து நிற்கும் கெலவரப்பள்ளி அணையின்மேல் தைத்திங்களின் பனி மெல்ல விலக, எல்லைக்கு அப்பாலுள்ள பெருநகரின் கழிவெல்லாம் சுமந்து வந்த நீர் மதகடியில் வெண்ணுரையாய்ப் பொங்க, பூந்தோட்டங்களில் மலர் பறிப்போர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசிச் சிரிக்கும் அந்தக் காலைப் பொழுதை, அன்புடையீர், சற்றே மனக்கண்ணில் நிறுத்துங்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளின் சங்கொலி மட்டும் அவ்வாண்டு அடங்கிக் கிடந்தது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு அது; கடல்கடந்த நாடுகளில் வாணிகம் சரிய, இங்கே பொறிகள் ஓய்ந்தன. வேலையிழந்து வீதிக்கு வந்தவர்களுள் ஒருவன், நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்து, எஃகுத் தகடுகளுக்கு மெருகேற்றிக் கொண்டிருந்த சுடலைமுத்து.

அவன் மனைவி வீரலட்சுமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிள்ளையின் பசி பொறுக்காமல் தன் அண்ணன் முத்துக்குமாரை ஊரிலிருந்து வரச்சொன்னாள். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன், போனா திரும்ப மாட்டேன்" என்று அவள் கணவனிடம் சொன்ன சொல் நெஞ்சில் முள்ளாய்த் தைக்க, சுடலைமுத்து வேலை தேடி அணைக்கரைக்கு ஓடிவந்தான்.

அங்கே, நிலக்கிழார் நாராயணப்பன் அம்மனின் தெப்பத் திருவிழாவுக்கென வாங்கிய பழைய கண்ணாடி நாரிழைப் படகொன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பல்லாண்டு வெயிலில் காய்ந்து நீலம் வெளிறி, தொட்டால் கையில் சுண்ணாம்புபோல் வெண்தூள் ஒட்டும் நிலையில் அது கிடந்தது. "சாமி ஏறுற படகுப்பா, ஊனம் இருக்கக் கூடாது. சாயங்காலம் வெள்ளோட்டம். பளபளன்னு பண்ணிட்டீன்னா நீயே ஓட்டு, தோட்டத்து வீட்ல குடும்பத்தோட இருந்துக்க" என்றார் அவர்.

நீரேற்றுக் கொட்டகையிலிருந்து மின்கம்பி இழுத்து, நண்பனிடம் இரவல் பெற்ற மெருகுப் பொறியை முடுக்கி, மெருகேற்றும் பசையைத் தடவித் தடவி அவன் உழைத்தான். வெண்தூள் அகன்ற இடமெல்லாம் நீலம் விழித்தது. அதில் தன் முகம் தெரியக் கண்டு அவன் குழந்தைபோல் மகிழ்ந்தான். படகின் மூக்கருகே, நீர் தொடும் இடத்தில் ஒரு வெண்திட்டு மட்டும் அசையவில்லை. எஃகென்றால் சூடேற அழுத்தினால்தான் ஒளி பிறக்கும். பழகிய கை அந்தப் பழக்கத்தையே செய்தது. பாவம், நாரிழையின் மேற்பூச்சு மெல்லியது என்பதை அந்தக் கைக்கு யார் சொல்வார்? தீய்ந்த நாற்றம் எழுந்தது. பொறியை எடுத்துப் பார்த்தான். நீலப்பூச்சு முழுதும் போய், உள்ளங்கையகலத்துக்கு மஞ்சள் நார்கள் பிரிந்து கிடந்தன.

ஐயோ, அவன் பட்ட பாட்டை என்னென்பது! தலையில் அடித்துக்கொண்டான், அம்மனை வைதான், பின் அழுதான். பொழுதோ சாய்ந்தது. இறுதியில், படகுக்குப் பொட்டிட வைத்திருந்த சந்தனத்தை அள்ளி அப்புண்ணின்மேல் தடித்த வட்டமாய்ப் பூசி, நடுவே குங்குமமும் இட்டான்.

நாராயணப்பன் வந்தார், மின்னும் படகைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆட்கள் அதை நிமிர்த்தி நீரோரம் இறக்கினர். பயணமூட்டையோடு அண்ணன் பின்வர அங்கே வந்து நின்ற வீரலட்சுமியின் முகமும் மலர்ந்தது. அவளை நோக்கி நாராயணப்பன், "அம்மன் ஏறுறதுக்கு முன்ன ஒரு தாயும் பிள்ளையும் விளக்கோட ஏறணும், அதான் எங்க ஊரு வழக்கம். நீயே ஏறும்மா" என்றார்.

விளக்கேந்தி, மகளை இடுப்பில் வைத்து அவள் காலெடுத்தாள். பிரிந்த நார் நீரைத் தாங்குமா, ஆழத்தில் பிளக்குமா? அவனுக்குத் தெரியாது.

"ஏறாத புள்ள!" என்று அலறியபடி நீருக்குள் பாய்ந்து, தன் கையாலேயே அந்தச் சந்தனத்தை வழித்தெறிந்தான்.

நாராயணப்பன் புண்ணை ஒருமுறை பார்த்தார்; "சாமிக்கே மறைச்சியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

தென்திசைப் பேருந்து வந்தபோது வீரலட்சுமி ஏறத்தான் செய்தாள்; பசித்த பிள்ளைக்கு வேறு வழியில்லை. ஆனால் சாளரத்தின் வழியே, சந்தனம் காயாத அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டு, "வேலை கிடைச்சதும் சொல்லி விடுங்க. வந்துருவேன்" என்றாள்.

பேருந்து மறைந்தபின்னும் அவன் அங்கேயே நின்றான். வீடும் வேலையும் கைக்கெட்டி நழுவிய அந்நாளில், காலையில் திரும்ப மாட்டேன் என்றவள் மாலையில் வருவேன் என்று சொன்ன அச்சொல் ஒன்றே அவனுக்கு மிஞ்சியது.